மூச்சு தடைபடும் இரவும் முறியும் எலும்பும்

தாம்பரத்துக் காற்று நெஞ்சுக்கு நல்லது என்ற நம்பிக்கையோடு 1928-ல் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து இங்கே காசநோயாளிகளுக்கு ஒரு சானடோரியம் தொடங்கினார். அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் அவர் நடத்திய சானடோரியத்தில்தான் கணிதமேதை ராமானுஜன் சில காலம் சிகிச்சை பெற்றார். 1937-ல் தாம்பரம் சானடோரியத்தை அரசு ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. காசநோய், ஆஸ்துமா, எச்.ஐ.வி. எனத் தலைமுறைக்கொரு சவாலை அந்த வளாகம் சந்தித்திருக்கிறது.

அந்த வளாகத்தைச் சுற்றி ஊர் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. பல்லாவரம், பம்மல், செம்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் முதலியவை சேர்ந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆயின. காற்றுக்காகவும் வெயிலுக்காகவும் நோயாளிகள் தேடி வந்த ஊரில், வெயிலே படாமல் நாள்முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவர்களும், இரவு ஷிஃப்ட் முடித்து விடியலில் வீடு திரும்புபவர்களும், ஓய்வு பெற்று மூன்றாவது மாடி ஃபிளாட்டில் வாழ்பவர்களும் பெருகியிருக்கிறார்கள். இவர்களிடையே சத்தமில்லாமல் வளரும் நோய்கள் இரண்டு. ஒன்று, தூக்கத்தில் மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியா. மற்றொன்று, எலும்பு அடர்த்தி குறையும் ஆஸ்டியோபோரோசிஸ். முதலாவதை நெஞ்சக மருத்துவரோ காது மூக்கு தொண்டை மருத்துவரோ பார்க்கிறார். இரண்டாவதை எலும்பு மருத்துவர் பார்க்கிறார். இரண்டுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்ற கேள்வியை உலகெங்கும் ஆய்வாளர்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகத் துருவி வருகிறார்கள். இதுவரை கிடைத்த விடைகள் ஒரே திசையில் இல்லை. ஆனாலும் அவற்றிலிருந்து தென்சென்னைப் புறநகர்க் குடும்பங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு.

இரவில் நடப்பது என்ன?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்வது இயல்பு. சிலருக்கு அந்தத் தளர்ச்சியில் மூச்சுப்பாதை சுருங்கிக் குறட்டை வருகிறது. இன்னும் சிலருக்குப் பாதை முழுவதும் அடைபட்டு, பத்து விநாடியோ அதற்கு மேலோ காற்றே உள்ளே போவதில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது. மூளை பதறி ஒரு கணம் விழிக்க வைக்கிறது. பெரிய சீறலோடு மூச்சு திரும்புகிறது. தூங்குபவருக்கு இது தெரிவதே இல்லை. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும்.

மணிக்கு எத்தனை முறை இப்படி மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற எண்ணிக்கையை வைத்து மருத்துவர்கள் நோயின் கடுமையை அளக்கிறார்கள். 5-லிருந்து 15-க்குள் இருந்தால் லேசானது, 15-லிருந்து 30-க்குள் மிதமானது, 30-ஐத் தாண்டினால் கடுமையானது. கடுமையான நோயாளிக்கு ஏழு மணி நேரத் தூக்கத்தில் இருநூறு முறைக்கு மேல் மூச்சு தடைபடக்கூடும். அத்தனை முறையும் ஆக்ஸிஜன் இறங்கி ஏறுகிறது.

30 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 93 கோடிப் பேருக்கு இந்தத் தொல்லை ஏதோ ஓர் அளவில் இருப்பதாக 2019-ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்த கணக்கீடு சொல்கிறது. இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2023-ல் வெளியான மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் உழைக்கும் வயதினரில் சுமார் 10 கோடிப் பேர் இந்தப் பட்டியலில் வருகிறார்கள். மும்பையில் 35 முதல் 65 வயது ஆண்களிடம் நடத்தப்பட்டு 2004-ல் வெளியான ஆய்வு, பகல் தூக்கத்தோடு கூடிய முழுமையான நோய் 7.5 சதவீதம் பேருக்கு இருப்பதாகக் கண்டது. சென்னைக்கும் கணக்கு இருக்கிறது. டாக்டர் வி. மோகன் தலைமையிலான நீரிழிவு ஆய்வுக் குழு நகரில் நடத்திய ‘க்யூர்ஸ்’ ஆய்வின் ஒரு பகுதியில், 10 பேரில் 4 பேர் குறட்டை விடுபவர்கள் என்று தெரிந்தது. குறட்டை விடுபவர் எல்லோருக்கும் ஆப்னியா இருக்காது. ஆனால் ‘நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்குகிறார்’ என்று வீட்டில் பெருமையோடு சொல்லும் வழக்கத்தை இந்த எண் கேள்விக்குள்ளாக்குகிறது.

இந்த நோய்க்கு முதன்மையான துணை உடல் எடை. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் எடை மிகுந்தவர்கள். முந்தைய ஆய்வில் இது முறையே 31, 28 சதவீதமாக இருந்தது. ஐந்தாறு ஆண்டுக்குள் ஏறிய இந்த எடையோடு கழுத்துச் சுற்றளவும் ஏறுகிறது, தொண்டை குறுகுகிறது.

எலும்பு ஓய்வதில்லை

எலும்பு என்றால் ஒருமுறை வளர்ந்து நின்றுவிடும் கட்டை என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஓயாமல் இடிந்து எழும் திசு. ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு குழு பழைய தாரைச் சுரண்ட, பின்னால் இன்னொரு குழு புதுத் தார் போட்டுக்கொண்டே வருவதைப் போல, ஒரு வகைச் செல்கள் பழைய எலும்பை அரிக்க, மற்றொரு வகைச் செல்கள் புதிய எலும்பைக் கட்டுகின்றன. வளர்ந்தவர்களின் எலும்புக்கூட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. அரிப்பும் கட்டலும் சமமாக இருக்கும்வரை கவலை இல்லை. அரிப்பு முந்தினால் அடர்த்தி குறையத் தொடங்கும்.

இந்த வேலைக்கு ஒரு நாள்கணக்கு உண்டு என்பதுதான் தூக்கத்தை இங்கே கொண்டுவருகிறது. எலும்பு அரிக்கப்படும்போது உதிரும் கொலாஜன் துணுக்கை ரத்தத்திலோ சிறுநீரிலோ அளக்கலாம், சி.டி.எக்ஸ். என்று அதற்குப் பெயர். அது நள்ளிரவுக்குப் பின் உச்சத்தைத் தொட்டு, பகலில் இறங்குகிறது. எலும்பின் கணக்குவழக்கில் பெரும்பகுதி, நாம் தூங்கும் வேளையில்தான் தீர்க்கப்படுகிறது.

உலக சுகாதார அமைப்பு 1994-ல் வகுத்த அளவுகோலின்படி, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஆஸ்டியோபோரோசிஸ். ஹரியானாவின் ரோத்தக்கில் நடந்த ஆய்வொன்று, 50 வயதைத் தாண்டியவர்களில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 129 பேருக்கு இடுப்பு எலும்பு முறிவு ஏற்படுவதாகக் கணக்கிட்டது. மேலை நாட்டினரைவிட இந்தியர்களுக்கு இந்த முறிவு பல ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுவதையும் எலும்பு மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கவனித்து வருகிறார்கள்.

தொடர்பு இருக்கலாம் என்பதற்கான வழிகள்

மூச்சுத்தடை எலும்பைத் தொடக்கூடிய வழிகள் ஐந்தாறு. முதலாவது ஆக்ஸிஜன் குறைவு. ஆக்ஸிஜன் குறைந்த சூழலில் எலும்பை அரிக்கும் செல்கள் பெருகுவதையும் கட்டும் செல்கள் சோர்வதையும் ஆய்வுக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள். இரண்டாவது அழற்சி. இரவெல்லாம் ஆக்ஸிஜன் ஏறி இறங்கும் உடலில் அழற்சிப் பொருள்கள் கூடுகின்றன. அவற்றில் சில, எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டுபவை. மூன்றாவது நரம்பு. ஒவ்வொரு முறை மூச்சு நிற்கும்போதும் உடல் அபாயச் சங்கு ஊதுகிறது; பரிவு நரம்பு மண்டலம் கிளர்ந்தெழுகிறது. அந்த நரம்பு மண்டலமும் லெப்டின் ஹார்மோனும் எலும்பு கட்டப்படுவதைக் குறைக்கக்கூடும் என்பதை ஜெரார்ட் கார்சென்ட்டி குழுவினர் 2000-க்குப் பிறகு எலிகளில் காட்டினார்கள். இவற்றோடு, துண்டு துண்டான தூக்கம் வளர்ச்சி ஹார்மோனையும் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோனையும் குறைக்கலாம். பகலெல்லாம் சோர்ந்திருப்பவர் நடக்கமாட்டார், வெயிலில் போகமாட்டார். எலும்புக்குத் தேவையான சுமையும் வைட்டமின் டி-யும் இரண்டுமே குறையும்.

ஆனால் உயிரியல் இவ்வளவு நேர்கோட்டில் செல்வதில்லை. ஆக்ஸிஜன் குறைவை செல்கள் எப்படி உணர்கின்றன என்று கண்டறிந்ததற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகிய மூவருக்கு 2019-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் ஆராய்ந்த அதே புரத அமைப்பு, எலும்புக்குள் புதிய ரத்தக்குழாய்கள் முளைக்கத் துணைசெய்து எலும்பு வளர்வதையும் தூண்டக்கூடியது. ஆக, விட்டுவிட்டு வரும் லேசான ஆக்ஸிஜன் குறைவு எலும்புக்குக் கேடா நன்மையா என்பதை வழிகளை மட்டும் பார்த்துத் தீர்ப்பளிக்க முடியாது. மனிதர்களைப் பார்க்க வேண்டும்.

ஆம் என்ற ஆய்வுகள்

ஜப்பானில் 2008-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்தத் துறையைக் கிளப்பிவிட்டது. ஸ்லீப் ஆப்னியா உள்ள ஆண்களின் சிறுநீரில் எலும்பு அரிப்பின் அடையாளமான சி.டி.எக்ஸ். கூடுதலாக இருந்தது. மூக்கின் வழியே காற்றழுத்தம் தந்து மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சி-பாப் கருவியை மூன்று மாதம் பயன்படுத்தியபோது அது குறைந்தது.

பிறகு தைவானில் தேசிய சுகாதாரக் காப்பீட்டுப் பதிவுகளைப் பயன்படுத்தி, 1,377 ஆப்னியா நோயாளிகளையும் 20,000-க்கு மேற்பட்ட மற்றவர்களையும் சில ஆண்டுகள் தொடர்ந்து ஒப்பிட்டார்கள். 2014-ல் வந்த முடிவின்படி ஆப்னியா குழுவில் ஆஸ்டியோபோரோசிஸ் கண்டறியப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 2.7 மடங்கு. எண் பெரிதுதான். ஆனால் காப்பீட்டுப் பதிவில் நோயாளியின் எடை, புகைப்பழக்கம் எல்லாம் முறையாக இருப்பதில்லை. தூக்கப் பரிசோதனைக்கு வரும் அளவுக்கு மருத்துவரிடம் போகிறவருக்கு எலும்புப் பரிசோதனையும் நடக்க வாய்ப்பு அதிகம், கண்டுபிடிக்கப்படுவதே கூடும்.

இதைவிட எடையுள்ள சான்று அமெரிக்கச் செவிலியர்களிடமிருந்து வந்தது. ‘நர்ஸஸ் ஹெல்த் ஸ்டடி’ என்ற நெடுங்கால ஆய்வில் 55,000-க்கு மேற்பட்ட பெண்களை 2002 முதல் 2014 வரை கண்காணித்தபோது, ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களுக்கு முதுகெலும்பு முறிவு ஏற்படும் வாய்ப்பு இரு மடங்காக இருந்தது. பகலில் தூக்கம் தள்ளுபவர்களிடம் அது இன்னும் கூடுதல். எடை, வயது, பழக்கவழக்கங்கள் அனைத்தையும் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வேறுபாடு நின்றது. ஆனால் அதே பெண்களிடம் இடுப்பு எலும்பு முறிவுக்கும் ஆப்னியாவுக்கும் தொடர்பு தென்படவில்லை. அமெரிக்காவில் முதிய ஆண்களிடம் நடந்த ‘மிஸ்டர் ஓ.எஸ்.’ தூக்க ஆய்விலோ, தூங்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல் ஆக்ஸிஜன் 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் கீழே விழுந்தார்கள். முதுகெலும்பு தவிர்த்த எலும்புகளும் அவர்களுக்கு அதிகம் முறிந்தன.

இல்லை என்ற ஆய்வுகள்

பிரான்ஸின் செயின்ட் எட்டியென் நகரில் 800-க்கு மேற்பட்ட ஆரோக்கியமான முதியவர்களை ஆராய்ந்தவர்கள் 2013-ல் வெளியிட்ட முடிவு பலரையும் திகைக்க வைத்தது. ஆப்னியா உள்ளவர்களின் எலும்பு அடர்த்தி குறையவே இல்லை, காப்பாற்றப்பட்டிருப்பதாகவே தெரிந்தது. இத்தாலியில் உடல்பருமன் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வும் ஆப்னியாவுக்கும் எலும்பு அடர்த்திக்கும் தொடர்பில்லை என்றது. எல்லா ஆய்வுகளையும் திரட்டி மதிப்பிட்டு 2017-ல் வந்த கட்டுரையும், கிடைத்திருக்கும் சான்று உறுதியான தீர்ப்பு சொல்லப் போதாது என்ற இடத்தில்தான் வந்து நின்றது.

இந்த முரண்பாட்டின் முடிச்சு பெரும்பாலும் உடல் எடையில் இருக்கிறது. எடை மிகுந்தவர் நடக்கும்போது எலும்பு கூடுதல் சுமை தாங்குகிறது. கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜனையும் சுரக்கிறது. எனவே டெக்ஸா ஸ்கேனில் அவருடைய அடர்த்தி நன்றாகவே தெரியும். அதே எடைதான் ஆப்னியாவையும் கொண்டுவருகிறது. ஒரு கையால் எடுப்பதை மறு கை கொடுத்துவிடுவதால், எடையைச் சரியாகக் கழிக்காத ஆய்வில் தொடர்பு மறைந்துபோகலாம், தலைகீழாகவும் தெரியலாம்.

இங்கே நீரிழிவு ஒரு முக்கியமான பாடம் சொல்கிறது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் எலும்பு அடர்த்தி ஸ்கேனில் இயல்பாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். இருந்தும் எலும்பு எளிதில் முறியும். அடர்த்தியை விட எலும்பின் தரமும் விழும் அபாயமும் அங்கே பெரிய பங்கு வகிக்கின்றன. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களில் 14.4 சதவீதம் பேர் நீரிழிவு நோயாளிகள். நீரிழிவும் ஆப்னியாவும் ஒரே உடலில் சேர்ந்து வாழ்வது மிகச் சாதாரணம். சென்னையைப் போன்ற ஊரில், ‘ஸ்கேன் நன்றாக இருக்கிறது’ என்ற ஒரே வரியை வைத்து எலும்பைப் பற்றி நிம்மதி அடைய முடியாது.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. ஆப்னியா இருந்தால் மாரடைப்பு, பக்கவாதம் கூடும் என்று எண்ணற்ற கண்காணிப்பு ஆய்வுகள் சொல்லியிருந்தன. இந்தியா உட்பட ஏழு நாடுகளில் இதய நோயோ மூளை ரத்தக்குழாய் நோயோ உள்ள 2,700-க்கு மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ‘சேவ்’ ஆய்வு 2016-ல் வெளிவந்தபோது, சி-பாப் கருவி அந்த ஆபத்துகளைக் குறைத்ததாகத் தெரியவில்லை. பங்கேற்றவர்கள் சராசரியாக இரவுக்கு மூன்றரை மணி நேரம்கூடக் கருவியை அணியவில்லை என்பது அதற்கு ஒரு விளக்கம். எப்படியானாலும், இரண்டு நோய்கள் சேர்ந்து காணப்படுவதால் ஒன்றைத் தீர்த்தால் மற்றொன்று தீரும் என்று அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. ‘சி-பாப் போட்டால் எலும்பு பலமாகும்’ என்று யாராவது விற்க வந்தால், அதற்கு இன்றைக்கு உறுதியான சான்று இல்லை.

தூக்கம் குறைந்தாலே

மூச்சுத்தடையைத் தள்ளிவைத்து, தூக்கக் குறைவை மட்டும் எடுத்தாலும் எலும்பு பாதிக்கப்படுமா? இந்தக் கேள்வி தென்சென்னைப் புறநகரில் பலருக்கு நேரடியானது. தாம்பரத்தில் 1984-ல் தொடங்கிய ‘மெப்ஸ்’ ஏற்றுமதி வளாகத்திலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையின் ஐ.டி. நிறுவனங்கள் வரை, மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து மருத்துவமனைகள் வரை இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள் ஏராளம்.

அமெரிக்காவின் கிறிஸ்டின் ஸ்வான்சனும் சக ஆய்வாளர்களும் 2017-ல் ஒரு சிறிய ஆனால் கவனமான சோதனையை வெளியிட்டார்கள். பத்து ஆண்களை மூன்று வாரம் ஆய்வுக்கூடத்தில் தங்க வைத்து, 24 மணி நேரத்துக்கு 5.6 மணி நேரம் மட்டுமே படுக்க விட்டு, நாளையும் 28 மணி நேரமாக நீட்டி உடற்கடிகாரத்தைக் குழப்பினார்கள். எலும்பு கட்டப்படுவதைக் காட்டும் அளவீடு எல்லாரிடமும் இறங்கியது. அரிப்பைக் காட்டும் அளவீடு மாறவில்லை. கட்டல் குறைந்து அரிப்பு அப்படியே இருந்தால் கணக்கு நஷ்டத்தில்தான் முடியும். கவனிக்க வேண்டியது, முதியவர்களைவிட இருபது வயதுகளில் இருந்த இளைஞர்களிடம் இந்த இறக்கம் பெரிதாக இருந்தது.

நீண்ட கால அளவிலும் ஒரு குறிப்பு கிடைக்கிறது. 20 ஆண்டுகளுக்கு மேல் சுழற்சி முறையில் இரவுப் பணி செய்த அமெரிக்கச் செவிலியர்களுக்கு, எட்டு ஆண்டுக் கண்காணிப்பில் இடுப்பு, மணிக்கட்டு எலும்பு முறிவு 37 சதவீதம் அதிகம் என்று 2009-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஒல்லியான பெண்களிடம் இது இன்னும் கூடுதலாக இருந்தது.

வெயில் விஷயமும் இங்கே சேர்கிறது. சென்னையின் அட்சரேகையிலேயே இருக்கும் திருப்பதியில் நடந்த ஆய்வு, தோலில் வைட்டமின் டி உருவாக உகந்த நேரம் காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணிவரை என்று கண்டது. பகலில் தூங்குபவருக்கும் ஏ.சி. அறையில் இருப்பவருக்கும் அந்த நேரம் தவறிப்போகிறது. ஆண்டு முழுக்க வெயில் காயும் நாட்டில் வைட்டமின் டி குறைபாடு இவ்வளவு பரவலாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

விழுவதுதான் முறிக்கிறது

எலும்பு அடர்த்தி பற்றிய விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். ஆப்னியா நோயாளியின் எலும்பை முறிக்கும் நேரடிச் சங்கிலி ஒன்று இருக்கிறது. அதற்கு ஸ்கேன் தேவையில்லை.

அடைபட்ட தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் மாறி, இதயத்தின் மேலறை விரிகிறது. உடலில் நீர் மிகுந்துவிட்டதாக எண்ணி இதயம் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. சிறுநீரகம் அதற்கேற்ப அதிகச் சிறுநீரை வெளியேற்றுகிறது. இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுபவர்கள் அதைச் சர்க்கரை என்றோ புராஸ்டேட் என்றோ நினைக்கிறார்கள். பல சமயம் தூக்க மூச்சுத்தடையும் காரணமாக இருக்கிறது. ஆக்ஸிஜன் குறைந்து, தூக்கக் கலக்கத்தில், இருட்டில், ஈரமான டைல்ஸ் தரையுள்ள பாத்ரூமுக்கு நடக்கும் 70 வயதுக்காரர் வழுக்கி விழுந்தால், எலும்பு நல்ல நிலையில் இருந்தாலும் முறியலாம். தூக்கம் வரவில்லை என்று மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்பவருக்கு ஆபத்து இரட்டிப்பு. அந்த மாத்திரைகளில் சில மூச்சுத் தடையைக் கூட்டக்கூடியவை. கால் தடுமாறவும் செய்யும்.

பெண்கள் விஷயத்தில் கவனக்குறைவு இன்னும் அதிகம். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கிறது. அதே காலத்தில் ஆப்னியாவும் வெகுவாகக் கூடுகிறது. ஆனால் பெண்களிடம் உரத்த குறட்டையைவிட அசதி, தலைவலி, தூக்கமின்மை, மனச்சோர்வு என்றே அது வெளிப்படுவதால் ‘வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுகிறார்கள். முதுகெலும்பு முறிவும் அப்படியே. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மருத்துவர் கவனத்துக்கு வருகிறது. மற்றவை முதுகுவலி என்றும் கூன் என்றும் காலம் தள்ளுகின்றன.

மருத்துவமும் அதன் விலையும்

ஸ்லீப் ஆப்னியாவுக்கு இன்றும் முதன்மைச் சிகிச்சை, 1981-ல் சிட்னியில் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய சி-பாப் முறைதான். பகல் தூக்கம், சோர்வு, ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு அது உதவுகிறது. அதற்காகவே அதைப் பயன்படுத்தலாம். எலும்புக்கு நன்மை இருந்தால் அது கூடுதல் லாபம்.

எடைக் குறைப்பில் மட்டும் ஒரு முரண் இருக்கிறது. எடை குறைந்தால் ஆப்னியா குறையும். அதேவேளை வேகமாகக் குறையும் எடையோடு தசையும் எலும்பு அடர்த்தியும் குறையும். டிர்செபடைட் என்ற ஊசிமருந்து உடல்பருமனோடு கூடிய ஆப்னியாவுக்கு அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அனுமதி பெற்றது. 2025 மார்ச்சில் இந்தியச் சந்தைக்கும் வந்துவிட்டது. இத்தகைய மருந்தால் எடை குறைப்பவர்கள் எலும்பை மறந்துவிடக் கூடாது. புரதம் போதுமான அளவு, தசையை வலுப்படுத்தும் எடைப் பயிற்சி, கால்சியம், வைட்டமின் டி இவையெல்லாம் உடன் வர வேண்டும். ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதலின்படி வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகு அதில் மூன்றில் ஒரு பங்கைத் தந்துவிடுகிறது. இட்லியோடு காலையைக் கழிக்கும் வீடுகளில் வாரத்தில் சில நாள் கேழ்வரகுக் கூழோ அடையோ இடம்பிடிப்பது சிரமமான காரியமல்ல.

இங்கே செய்ய வேண்டியது

பத்து ஆண்டில் எலும்பு முறியும் வாய்ப்பைக் கணிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் ‘ஃபிராக்ஸ்’ கணிப்பானில் வயது, எடை, புகை, மது, ஸ்டீராய்டு எல்லாம் கேட்கப்படுகின்றன. தூக்கம் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. குறட்டை, பகல் சோர்வு, ரத்த அழுத்தம், கழுத்துச் சுற்றளவு முதலிய எட்டு விவரங்களைக் கேட்கும் ‘ஸ்டாப்-பேங்’ வினாத்தாளிலோ எலும்பு பற்றி ஏதும் இல்லை. இரண்டும் தனித்தனித் தேவைக்காக உருவானவை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் இரண்டு பக்கத்திலும் நிற்கும் நோயாளி ஒருவரே.

அதனால் இருப்பதை வைத்துச் செய்யக்கூடியவை சில உண்டு. கீழே விழுந்து மணிக்கட்டோ இடுப்போ முறிந்து வருபவரிடம் எலும்பு மருத்துவர் குறட்டையையும் இரவில் எழுவதையும் கேட்கலாம். தூக்கப் பரிசோதனைக்கு வரும் 50 வயதைக் கடந்தவரிடம் நெஞ்சக மருத்துவர் பழைய முறிவு, உயரக் குறைவு, அண்மையில் விழுந்தது பற்றிக் கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து கொடுக்க வீடு தேடி வரும் ஊழியர்கள், இந்த மூன்று நான்கு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால் செலவு எதுவும் கூடாது. வீட்டில் பாத்ரூம் சுவரில் ஒரு கைப்பிடி, படுக்கையிலிருந்து பாத்ரூம்வரை ஒரு இரவு விளக்கு, தரையில் வழுக்காத விரிப்பு: இவற்றுக்கு ஆய்வு முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அறிவியல் கேள்விக்கு விடை காண வேண்டுமானால் குலுக்கல் முறை ஆய்வு தேவை. மிதமான, கடுமையான ஆப்னியா உள்ளவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சிகிச்சையை ஒழுங்காகப் பின்பற்ற உதவி செய்து, எலும்பு அளவீடுகளையும் விழுதல்களையும் முறிவுகளையும் ஓரிரு ஆண்டுகள் கணக்கெடுக்க வேண்டும். எடை, நீரிழிவு, வைட்டமின் டி மூன்றையும் தொடக்கத்திலேயே அளந்துவைக்க வேண்டும். இத்தகைய பணி சென்னைக்குப் புதிதல்ல. 1956-ல் இங்கே தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், சானடோரியத்தில் படுத்திருந்தாலும் வீட்டிலிருந்தபடி மாத்திரை சாப்பிட்டாலும் பலன் ஏறத்தாழ ஒன்றே என்று 193 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வில் 1959-ல் நிரூபித்தது. அந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. நீரிழிவும் உடல்பருமனும் இரவுப் பணியும் வைட்டமின் டி குறைவும் ஒரே இடத்தில் கூடியிருக்கும் தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம், வேளச்சேரி மக்களிடையே இப்படியோர் ஆய்வு நடந்தால், தைவானின் காப்பீட்டுப் பதிவும் அமெரிக்கச் செவிலியர்களின் கணக்கும் தராத விடை நம் உடல்வாகுக்கு ஏற்ப நமக்குக் கிடைக்கும். அதற்கு நெஞ்சக மருத்துவர்களும் எலும்பு மருத்துவர்களும் நீரிழிவு நிபுணர்களும் ஒரே ஆய்வுத் திட்டத்தில் கையெழுத்திட வேண்டும்.